அலிகேட்டர் காரும் ரெட் டெயிலும் நாலடித் தொட்டியில் எத்தனை நாள் தாங்கும்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வீடு திருத்துறைப்பூண்டி பக்கம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. விரல் நீளத்தில் வாங்கிய அலிகேட்டர் கார் என்ற நீண்ட மூக்கு மீன் (இனி சுருக்கமாகக் கார்) இப்போது ஒன்றேகால் அடி, ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்ற வெளிநாட்டுக் கெளுத்தி ஓரடி, கூடவே ஒரு சில்வர் அரவானா மீன். போர் தண்ணீர். தீனி உயிருள்ள கோல்டு ஃபிஷ், நடுநடுவே கோழி ஈரல். ஒரு வாரமாகத் தண்ணீர் வெளுத்துக் கிடக்கிறது, கார் தீனியைத் தொடவில்லை. என்ன மருந்து போடுவது, தீனியைக் குறைத்தால் வளர்ச்சி நின்றுவிடுமா, சமாளிக்க முடியாவிட்டால் கொல்லைக் குளத்தில் விட்டுவிடலாமா என்று மூன்று கேள்வி. எனக்குப் படித்ததும் தோன்றியது, இவற்றை இனி வைத்திருக்க முடியுமா என்கிற சந்தேகம் உங்களுக்கே வந்துவிட்டது, அதைத்தான் மூன்று விதமாகக் கேட்கிறீர்கள்.

நான் மீன்வளம் படித்தவன். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் வட்டாரத்தில் பெரிய தொட்டிகள் அமைத்துக் கொடுத்துப் பராமரிக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். கால்நடை மருத்துவர் இல்லை. மீனை நேரில் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்வது என்னால் ஆகாது. ஆனால் தண்ணீரைப் பற்றியும் அளவைப் பற்றியும் தைரியமாகச் சொல்லலாம். உங்களுடைய பிரச்சினையில் பெரும்பகுதி அந்த இரண்டும்தான். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: மருந்து வேண்டாம், தீனியைக் குறைப்பதால் மீன் சின்னதாகவே இருந்துவிடாது, குளத்தில் விடவே கூடாது. அரவானாவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், பெரிய தொட்டி கட்டினால். மற்ற இரண்டும் கண்ணாடித் தொட்டிக்கான மீனே இல்லை.

முதலில் இந்த வாரம். தீனியை இன்றோடு நிறுத்துங்கள். இந்த அளவு மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், நாளைக்கும் அதே அளவு, மறுநாளும். ஒரேயடியாக முழுத் தொட்டியையும் காலி செய்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி வெளுக்கும். காரணம் இதுதான்: மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் கூட்டம் புதுத் தொட்டியில் நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் பஞ்சைத் தேய்த்துக் கழுவும்போது அதையும் சேர்த்துக் கழுவி விடுகிறீர்கள். பஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தடவை முக்கிப் பிழியுங்கள், போதும். தண்ணீர் வெளுப்பது வேறு வகை பாக்டீரியா பெருகுவதால். ஈரல் துணுக்கும் எச்சமும் அவற்றுக்கு விருந்து.

அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) மூன்றையும் அளக்கும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். அலங்கார மீன் கடையில் இல்லையென்றால் அலைய வேண்டாம், உங்கள் பக்கத்தில் இறால் பண்ணைக்காரர்களுக்கு மருந்து விற்கிற கடை எதிலும் இருக்கும். வனாமி இறால் வளர்ப்பவர் தினம் பார்க்கிற அளவுகள்தான் இவை. அம்மோனியா எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம், பிஎச்சோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய விஷம். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு. 8.5 ஆனால் இருபது. நம் கடலோரப் போர் தண்ணீர் பல இடத்தில் எட்டை ஒட்டித்தான் நிற்கும். அதனால் பெரிய பிஎச் வித்தியாசமெல்லாம் தேவையில்லை, அரை எண் ஏறினாலே அதே கிட் நிறம் இரண்டு மூன்று மடங்கு மோசமான சேதியைச் சொல்கிறது.

நைட்ரைட் விஷயத்தில் உங்கள் ஊருக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு. தண்ணீரில் இருக்கும் உப்பின் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். உங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தால் அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே கிடைக்கிறது. கரிக்காத நல்ல தண்ணீர் என்றால், நைட்ரைட் தெரியும்போது லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து விடலாம். அதற்கு மேல் வேண்டாம், ரெட் டெயிலுக்குச் செதில் கிடையாது, உப்பும் மருந்தும் அதன் தோலில் சீக்கிரம் உறைக்கும். கடையில் கொடுக்கும் நீல மருந்து, பச்சை மருந்து, ஆன்டிபயாடிக் பொடி எதையும் இப்போது ஊற்றாதீர்கள். அவற்றில் பல ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். மூன்று நாள் தண்ணீர் மாற்றிய பிறகும் கார் தீனி எடுக்காமல் கிடந்தாலோ, உடலில் புண், பஞ்சு போன்ற படலம், சிவப்புத் திட்டு தெரிந்தாலோ அப்போது அது வேறு விஷயம், யாராவது நேரில் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீரை நேராகத் தொட்டிக்கு விடாதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து ஏர் பம்பு போட்டு ஒரு நாள் வைத்திருங்கள். காலையில் அடியில் பழுப்பு நிறமாகப் படிந்திருந்தால் அது இரும்பு. தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள், இரும்புத் துகள் செவுளில் படிந்தால் மீன் மூச்சுக்குத் திணறும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் உண்டு, ஒரு நாள் திறந்து வைத்தாலும் பெரும்பாலும் போய்விடும், அவசரமென்றால் குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) உப்பு இருக்கிறது. ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் ஹைப்போ என்பது கணக்கு. வாய்க்கால் தண்ணீர் மட்டும் வேண்டாம். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மீன் பேன், நங்கூரப் புழு எல்லாம் அந்த வழியாகத்தான் தொட்டிக்குள் வருகின்றன.

இனி அளவு. உங்கள் தொட்டி பன்னிரண்டு கன அடி, அதாவது சுமார் 340 லிட்டர். கல், இடைவெளி எல்லாம் கழித்தால் முந்நூறு. இதில் ஒரு ஜோடி ஆஸ்கர் மீன் வாழலாம். அலிகேட்டர் காரின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியும் மெக்சிகோ வளைகுடாக் கரையோர ஆறுகளும். 2011 இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று எட்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை 148 கிலோ. அது அபூர்வம், சரி. ஆனால் ஐந்தாறு அடி என்பது அந்த இனத்துக்குச் சாதாரண வளர்ச்சி. முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் வேகமாக நீளும், உங்கள் மீன் இப்போது அந்த வயதில் இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள், காரின் உடல் விறைப்பானது, கெட்டிச் செதில் போர்த்தியது, விலாங்கு மாதிரி மடங்கித் திரும்பாது. ஒன்றரை அடி அகலத்தில் ஒன்றேகால் அடி மீன் திரும்பும்போது ஏற்கெனவே மூக்கும் வாலும் கண்ணாடியில் உரசிக்கொண்டிருக்கும். இன்னும் சில மாதம் இப்படியே போனால் முதுகெலும்பு வளையும், தாடை கோணும். அப்படி வளைந்ததைப் பிறகு நிமிர்த்த முடியாது.

ரெட் டெயில் இதைவிடச் சிக்கல். அமேசான், ஓரினோக்கோ ஆறுகளின் மீன். ஒரு மீட்டரைத் தாண்டும், நாற்பது கிலோவுக்கு மேல் போகும். குட்டியாக இருக்கும்போது கறுப்பு வெள்ளைப் பட்டையும் சிவந்த வாலும் மீசையுமாக அவ்வளவு அழகு, அதனால்தான் விற்கிறது. நாம் பிடித்து வைத்திருக்கும் எந்தக் கெளுத்தியையும் மனதில் வைத்து இதைக் கணக்குப் போட்டுவிடக் கூடாது. வாயில் நுழைவது எல்லாம் அதற்குத் தீனி, உங்கள் அரவானா உட்பட. இரவில்தான் வேட்டை. ஒரு கல்யாண மண்டபத்து முகப்புத் தொட்டியில் ரெட் டெயில் வைத்திருந்தார்கள். வயிறு புடைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அலங்காரத்துக்குப் போட்டிருந்த கூழாங்கல்லை விழுங்கியிருந்தது. நல்லவேளை, மறுநாள் தானே கக்கிவிட்டது. எப்போதும் கக்கும் என்று சொல்ல முடியாது. ரெட் டெயில் இருக்கும் தொட்டியில் கைப்பிடிக்குள் அடங்கும் கல், ரப்பர் உறிஞ்சி, தெர்மாமீட்டர் எதுவும் இருக்கக் கூடாது.

மீன் தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும் என்று உங்களுக்கு விற்றவர் சொல்லியிருப்பார். எல்லோரும் சொல்வதுதான். இதில் எது உண்மை, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கலாம். தீனி குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், அது உண்மை. தண்ணீர் கெட்டால் வளர்ச்சி தடைபடும், அதுவும் உண்மை. மீன் தண்ணீரில் சுரந்து விடும் ஏதோ ஒரு பொருள் வளர்ச்சியைத் தானாகவே நிறுத்தும் என்பது ஊகம், இந்த வகை மீன்களில் அதைக் காட்டிய உறுதியான சான்று கிடையாது. ஆக, சின்னத் தொட்டியில் சின்னதாகவே இருக்கும் மீன் என்றால் பட்டினியிலோ அழுக்கிலோ வளர முடியாமல் போன மீன் என்று பொருள். அது நீண்ட நாள் இருப்பதில்லை.

அரவானாவுக்கு வருவோம். மூன்றடி வரை வளரும், ஆனால் உடல் தட்டையானது, வளைந்து கொடுக்கும். ஆறடி நீளம் இரண்டரை அடி அகலம் என்பது குறைந்தபட்சம், எட்டுக்கு மூன்று என்றால் நிம்மதி. ஆழம் அதற்கு அவ்வளவு முக்கியமில்லை, மேல்மட்டத்தில் உலவும் மீன். அமேசானில் நீருக்கு மேலே கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிப் பிடிக்கிற சாதி அது. உங்கள் வீட்டில் மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போன நேரத்தில் தரையில் கிடக்கும். கனமான மூடி, மேலே எடை, கம்பி இடைவெளி ஒரு அங்குலத்துக்கு மேல் இல்லாமல். கண் கீழ்நோக்கித் தொங்குவதற்குக் காரணம் என்ன என்பதில் வளர்ப்பவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. கொழுப்புத் தீனி என்பார் ஒருவர், எப்போதும் கீழே பார்ப்பதால் என்பார் இன்னொருவர், பரம்பரை என்பார் மூன்றாமவர். கொழுப்பைக் குறைப்பதும் மிதக்கும் தீனி கொடுப்பதும் எப்படியும் நல்லது என்பதால் அந்தச் சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை.

பெரிய தொட்டி என்றதும் மாடியில் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டுத் தளங்கள் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் கட்டப்படுகின்றன. இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே ஒரு சதுர மீட்டரில் 600 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. தரைத்தளம், சுவரோரம், ஸ்டாண்டின் காலுக்கடியில் பலகை அல்லது கடப்பா. ஃபில்டருக்கு, தொட்டிக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு தனித் தொட்டி வைத்து, தண்ணீர் வழிந்து இறங்கி மறுபடி ஏறும்படியான சம்ப் முறைதான் இந்த மீன்களுக்குச் சரிப்படும். பிரதான தொட்டியின் கொள்ளளவில் நாலில் ஒரு பங்காவது சம்ப் இருக்கட்டும். தொங்கவிடும் சின்ன ஃபில்டர்கள் கப்பி, டெட்ரா போன்ற பொடி மீன்களுக்குப் போதும், இவற்றின் எச்சத்துக்குப் போதாது. வாரா வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றத்தை எந்த ஃபில்டரும் மிச்சப்படுத்தித் தராது. வெளியே எடுத்த தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுங்கள், நைட்ரேட் கலந்த நல்ல உரத் தண்ணீர். உப்புப் போட்டிருந்தால் மட்டும் வேண்டாம்.

தீனி விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடம் மாறுகிறார்கள். உயிருள்ள மீனைத் துரத்திப் பிடிப்பதைப் பார்க்கும் ஆசை புரிகிறது, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் காட்டலாம். ஆனால் கோல்டு ஃபிஷ் உட்பட கெண்டை வகைகள் பலவற்றின் உடலில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1 ஐச் சிதைக்கும். அதையே மாதக்கணக்கில் தின்னும் மீனுக்கு நரம்புத் தளர்ச்சி, தலைகீழாக நீந்துவது, வலிப்பு என்று வரும். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த நொதி போகாது. போதாக்குறைக்குக் கடையில் நெருக்கியடித்துக் கிடந்த மலிவு கோல்டு ஃபிஷ் எல்லா ஒட்டுண்ணியையும் சுமந்துகொண்டு வரும். கோழி ஈரலும் மாட்டு இதயமும் நிலத்து விலங்கின் கொழுப்பு, குளிர்ந்த உடல் மீனுக்கு அது சரியாகச் செரிக்காது, கல்லீரலில் படியும். உங்கள் தண்ணீர் வெளுத்ததற்கு என் முதல் சந்தேகம் அந்த ஈரல்தான்.

பதிலுக்கு ஜிலேபி மீன் வாங்குங்கள். எந்தச் சந்தையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. குடல், முள் நீக்கி, துண்டாக நறுக்கி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, உறைநிலை போனபின் போடுங்கள். நடுவே உரித்த இறால். கடல் மீன் என்றால் உப்புத் தண்ணீர் போகக் கழுவிவிட்டு வெள்ளைச் சதை. எல்லாவற்றையும்விட நல்லது, புரதம் நாற்பது சதவீதத்துக்கு மேல் உள்ள மிதக்கும் தீனிக்கு மெல்லப் பழக்குவது. விரால் பண்ணைக்கு விற்கும் தீனி அந்த வகை, கெண்டைக் குளத்துக்குப் போடும் தீனி அல்ல. மூன்று நாலு நாள் பட்டினி போட்டு, இறால் ஊறிய தண்ணீரில் நனைத்துப் போட்டால் அரவானா சீக்கிரம் பழகிவிடும், ரெட் டெயில் அதைவிடச் சீக்கிரம். கார் அடம் பிடிக்கும். தினம் தீனி குட்டிக்குத்தான். ஓரடி தாண்டிய மீனுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை, வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று தடவை. ரெட் டெயிலுக்கு முந்தைய தீனியின் வயிறு வடிந்த பிறகுதான் அடுத்தது.

வாய்க்காலில் தூண்டில் போட்டோ கொசுவலை வீசியோ பிடிக்கும் பொடி மீன் இலவசம்தானே என்பீர்கள். குறுவையிலும் சம்பாவிலும் பூச்சி மருந்து அடிக்கிற வாரங்களில் வயலிலிருந்து வடியும் தண்ணீரில் சொக்கிக் கிடக்கும் மீன்தான் கையில் எளிதாகச் சிக்கும். அது ஏன் எளிதாகச் சிக்கியது என்று யோசித்தால் போதும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் விரால், குறவை உடம்பில் செம்புண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு வகைப் பூஞ்சை போன்ற உயிரி தசைக்குள் இறங்குவதால் வருவது. அந்த மீனைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வெயிலையும் கரண்டையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஹீட்டர் தேவையே இல்லை, மார்கழிக் குளிரையும் இவை தாங்கும். சித்திரை, வைகாசிதான் கஷ்டம். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். தண்ணீர் மேற்பரப்பை நோக்கி ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கார் காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும், அதன் காற்றுப்பை கிட்டத்தட்ட நுரையீரல் வேலை செய்கிறது. அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே எப்போதும் இடைவெளி வேண்டும். அரவானாவுக்கும் ரெட் டெயிலுக்கும் அந்த வசதி இல்லை, கரண்ட் போனால் முதலில் திணறுவது அவைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். பேட்டரி ஏர் பம்பு இரண்டு வாங்கி வையுங்கள், புயல் எச்சரிக்கை வந்ததும் தீனியை நிறுத்துங்கள், டிரம்களில் தண்ணீர் பிடித்து வையுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே பாக்டீரியா செத்து அழுகும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த அழுகல் மொத்தமும் தொட்டிக்குள் வரும், திறந்து கொட்டி அலசிய பிறகு போடுங்கள்.

இப்போது கொல்லைக் குளம். உங்கள் குளம் உங்கள் வேலிக்குள் இருக்கிறது என்பது கோடையில் மட்டும்தான் உண்மை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம், வயல், வாய்க்கால், வடிகால் எல்லாம் ஒரே தண்ணீர். அங்கிருந்து முள்ளியாறு, கடைசியில் முத்துப்பேட்டை, வேதாரண்யம் சதுப்பு. உப்புத் தண்ணீர் வந்ததும் நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அலிகேட்டர் கார் உவர் நீரையும் தாங்கும் மீன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சாலக்குடி ஆறு போன்ற இடங்களில் மீனவர் வலையில் அரபைமா என்ற அமேசான் ராட்சத மீன் சிக்கியது, அலிகேட்டர் காரும் சிக்கியது. எல்லாம் யாரோ ஒருவருடைய குளத்திலும் பண்ணையிலும் இருந்தவை. 2023 இல் காஷ்மீர் தால் ஏரியில்கூட ஒரு கார் கிடைத்தது. டேங்க் கிளீனர் என்று விற்ற சக்கர் மீன் இன்று நம் குளங்களிலும் ஆறுகளிலும் வலையைக் கிழிப்பதும், கரையில் வளை தோண்டுவதும் உங்களுக்குத் தெரிந்த கதை. கார் இங்கே குஞ்சு பொரிக்குமா என்று கேட்டால், அது நிச்சயமில்லாத விஷயம். ஆணும் பெண்ணும் பக்குவமடையவே பல வருடம் ஆகும், இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஆனால் அதன் சொந்த ஊரில் அது முட்டையிடுவது வெள்ளம் ஏறிய புல்வெளியில், வெதுவெதுப்பான தண்ணீரில். ஐப்பசியில் நம் வயல்கள் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சே பொரிக்காவிட்டாலும் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய ஒரு மீன், அத்தனை வருடமும் விராலையும் கெண்டையையும் தின்றுகொண்டிருக்கும். ஊரில் பயமுறுத்துவது போல ஆளைக் கடிக்காது, அப்படி உறுதியான பதிவு எதுவும் இல்லை. அதன் முட்டை மட்டும் மனிதருக்கு விஷம்.

அப்படியானால் இந்த இரண்டையும் என்ன செய்வது? இடமும் பணமும் இருந்தால் சிமென்ட் தொட்டி. ரெட் டெயிலுக்கே பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், நாலடி ஆழம் வேண்டும், அது சுமார் 11,000 லிட்டர். காருக்கு இதைவிட அகலமாக. சுவரின் மேல்விளிம்பு உங்கள் கொல்லையில் இதுவரை ஏறிய வெள்ள மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும், வழிந்தோடும் குழாய்க்குக் கம்பி வலை, மேலே இரும்புச் சட்டத்தில் மூடி. புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் எகிறும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி இறைத்து, நிரப்பி இறைத்து, பிஎச் இறங்கிய பிறகுதான் மீன். நம் பக்கம் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பார்கள், அதையும் செய்யலாம்.

இது முடியாது என்றால், பெரும்பாலோருக்கு முடியாது, வேறு கைக்கு மாற்றுங்கள். விற்ற கடையிலேயே கேளுங்கள், ஓரடி மீனைச் சிலர் திரும்ப எடுப்பார்கள், மூன்றடி ஆன பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் இப்போதே. சென்னை கொளத்தூர் மொத்த வியாபாரிகள், பெரிய தொட்டி வைத்திருக்கும் தனியார் காட்சியகங்கள் ஆகியவற்றையும் விசாரியுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்குள்ளவர்களிடம் யோசனை கேட்கலாம். எதுவும் நடக்காவிட்டால் கடைசி வழி, வலியில்லாமல் கொன்றுவிடுவது. சொல்லக் கசப்பாக இருக்கிறது, ஆற்றில் விடுவதைவிட இது நேர்மையானது. கிராம்புத் தைலத்தை வெந்நீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்து, லிட்டருக்கு 0.4 மில்லி வீதம் தனிப் பாத்திரத்துத் தண்ணீரில் சேர்த்தால் மீன் மயங்கி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே இருக்கட்டும், காற்றைச் சுவாசிக்கும் கார் அதற்கும் மேல் எடுக்கும். மருந்து ஊற்றிய தொட்டி மீனைச் சமைக்காதீர்கள்.

சட்டம் பற்றி ஒன்று மட்டும். அடுத்து யாராவது அரபைமாவோ, கோல்டன், ரெட் என்று சொல்லி ஆசிய அரவானாவோ விற்க வந்தால், இரண்டும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆசிய அரவானாவுக்கு உடலில் மைக்ரோசிப்பும் சான்றிதழும் இருக்க வேண்டும். காகிதம் இல்லை, அப்புறம் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

கையில் இருக்கும் நாலடித் தொட்டியை வீணாக்க வேண்டியதில்லை. வேட்டை மீன்தான் பிடிக்கும் என்றால் ஒரே ஒரு குறவையை அதில் விட்டுப் பாருங்கள். ஓரடிக்குள் நிற்கும், காற்றைச் சுவாசிக்கும், நம் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பிறந்தது, கரண்ட் போனாலும் கலங்காது. இரண்டு வாரத்தில் உங்கள் முகம் அதற்கு அடையாளம் தெரியும். மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், எம்பிக் குதித்து வாசல் வரை ஊர்ந்து போகும். பின்னால் சிமென்ட் தொட்டி கட்டினால் ஒரு ஜோடி விரால். ஆகாயத்தாமரை கொஞ்சம் போட்டு வைத்தால் கூடு கட்டி, செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தந்தையும் காவல் காத்துக்கொண்டு திரிவதை வீட்டிலேயே பார்க்கலாம். அந்தக் காட்சியை எந்த அமேசான் மீனும் உங்களுக்குத் தராது என்பது என் சொந்த அபிப்பிராயம். காரின் நீண்ட மூக்கில்தான் மனசு என்றால் நம் ஆறுகளில் நன்னீர் முரல் இருக்கிறது, ஆனால் அது மிரண்டு கண்ணாடியில் மோதிச் சாகும், உயிர்த் தீனியை விடவும் செய்யாது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. வெளிநாட்டு மீன்தான் வேண்டும் என்றால் ஆஸ்கர், ஒன்று அல்லது இரண்டு.

இப்போதைக்கு மூன்று நாள் தண்ணீர் மாற்றிவிட்டு, நாலாம் நாள் காலையில் தீனி போடுவதற்கு முன் அம்மோனியா, நைட்ரைட், பிஎச், தண்ணீர் வெப்பம் நாலையும் அளந்து இங்கேயே எழுதுங்கள். போர் தண்ணீரைத் தனியாக ஒரு டம்ளரில் ஒரு நாள் வைத்து அதன் பிஎச்சும் டிடிஎஸ்ஸும் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) சேர்த்து. காரையும் ரெட் டெயிலையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் போட்டால் முதுகு வளைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அரவானாவை மட்டும் வேறொரு டிரம்முக்கோ தொட்டிக்கோ மாற்றி, மேலே வலை கட்டி வையுங்கள். ஓரடி ரெட் டெயிலுக்கு அது ஏறத்தாழ ஒரு வாய் அளவுதான்.